பெயரைப் பறிகொடுத்த கருவேலமரம்

செயல்முறை நோட்டில் கருவேலமரத்துக்கு ‘அகேசியா நிலோட்டிகா’ என்று எழுதியிருந்தேன். அக்காவின் கல்லூரிப் புத்தகத்திலோ ‘வாச்செல்லியா நிலோட்டிகா’ என்று இருந்தது. எது தப்பு? ரெண்டுமே ஒரே மரம்தான். நடுவில் பெயர் மாறிவிட்டது. ஏன் தெரியுமா?

முன்பு கருவேல், சீகைக்காய், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கு மூன்றையும் அகேசியா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். காரணம் பூ. சின்னஞ்சிறு பூவுக்குள் ஏராளமான மகரந்தத்தாள்கள், ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும்.

ஆனா முள்ளைப் பாருங்க! கருவேலில் இலையடிச் செதில்களே ஜோடி ஜோடியாக முள்ளாகியிருக்கும். சீகைக்காயில் தண்டு முழுக்கக் கொக்கி போல அங்கங்கே இருக்கும். கத்திச்சவுக்கில் முள்ளே கிடையாது. அதில் இலை மாதிரி தெரிவது தட்டையான இலைக்காம்பு. நாற்றில் முதலில் வரும் இலைகள் மட்டும் கருவேல் இலை போல இருக்கும்.

உருவம் சில நேரம் ஏமாற்றும். அதனால் விஞ்ஞானிகள் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். கத்திச்சவுக்கு, கருவேலைவிட வாகை மரக் கூட்டத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது! அப்போ மூன்றும் ஒரே பேரினத்தில் இருக்க முடியாதே? பிரித்தார்கள். சீகைக்காய் ‘செனகாலியா’ ஆனது.

சரி, ‘அகேசியா’ என்ற பெயர் யாருக்கு? பெயருக்கு மாதிரியாக வைத்த இனம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமே பெயரும் போகும் என்பது விதி. அந்த மாதிரி இனம் நம்ம கருவேல்தான்! ஆனால் ஆஸ்திரேலியாவில் சுமார் 1000 இனங்கள். அத்தனைக்கும் பெயர் மாற்ற வேண்டிவரும். அதனால் 2005-இல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் ஆஸ்திரேலிய இனம் ஒன்றை மாதிரியாக மாற்றினார்கள். முள்மரங்கள் நிறைந்த ஆப்பிரிக்காவிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஆனாலும் 2011-இல் மெல்போர்ன் மாநாடு அதையே உறுதி செய்தது.

பார்த்தீங்களா? சொந்தம் எது என்று சொன்னது ஆதாரம். பெயர் யாருக்கு என்று சொன்னது மனிதர்களின் ஓட்டு. பழைய புத்தகங்களில் கருவேலைப் பற்றி எழுதியதெல்லாம் பழைய பெயரில்தான் இருக்கும். அதனால் தேடும்போது ரெண்டு பெயரையும் மறக்காதீங்க!

— அறிவியல் மன்றம், 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு