பணத்தைக் கட்டிவிட்டு அட்டையைத் தேடாதீர்கள்

அப்பாவுக்கு நெஞ்சுவலி. தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டுகிறார்கள். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டில்காரர் கேட்கிறார்: "காப்பீட்டு கார்டு இல்லையா?" அதன்பிறகு ரசீதுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று அலைகிறார்கள். கிடைக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்பது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். பில்லைக் காட்டிப் பணம் வாங்கும் திட்டமல்ல. அரசு ஊழியர்களின் காப்பீடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

முதலமைச்சரின் திட்டம் 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் இன்றைய பெயர் பெற்று, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. பெயர் எத்தனை மாறினாலும் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது.

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு 2022இல் 1,20,000 ஆக உயர்ந்தது. பழைய வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு 'நமக்கெல்லாம் தர மாட்டாங்க' என்று இன்னும் ஒதுங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லை. ஆறு மாதங்களுக்கு மேல் இங்கே வசிக்கும் வெளிமாநிலத்தவரும் உரிய சான்றோடு சேரலாம். இதையெல்லாம் ஊர் ஊராகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை.

இனி காகித வேலை. கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய் ஆய்வாளரிடமோ வருமானச் சான்று வாங்குங்கள். அதோடு ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். அங்கே படமும் கைரேகையும் எடுத்துப் பதிவு செய்வார்கள். கட்டணம் கிடையாது, வாசலில் நிற்கும் இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். போவதற்கு முன் ரேஷன் கார்டை ஒருமுறை பாருங்கள். புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை, உங்களோடு இருக்கும் பெற்றோர் ஆகியோர் பெயர் அதில் இல்லையென்றால் காப்பீட்டிலும் இருக்காது. ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் ஓர் எழுத்து என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்று திருத்த முடியாது.

எல்லா மருத்துவமனைக்கும் இந்தக் காப்பீடு செல்லாது. பட்டியலில் உள்ள மருத்துவமனையாக இருந்தாலும், இதய சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இடம் சிறுநீரக சிகிச்சைக்கும் பெற்றிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சாதாரணக் காய்ச்சலுக்கு வெளிநோயாளியாக ஊசி போட்டுக்கொள்வதற்கும் இது உதவாது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சேர்க்கும்போதே, பணம் கட்டும் முன்பே, காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் அட்டையைக் காட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: பணம் கட்டும் முன்பே. மருத்துவமனைதான் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்து முன் ஒப்புதல் பெற வேண்டும். நீங்கள் ஓட வேண்டியதில்லை.

ஒப்புதல் வந்தபின்னும் 'உபகரணச் செலவு தனி' என்று கையை நீட்டுகிறார்களா? எதற்கு, எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பல கேட்புகள் காணாமல் போகும். போகாவிட்டால் அதே எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதத்தின் நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். இத்திட்டத்தின் மாவட்டக் குறைதீர்க் குழுவுக்கும் அவர்தான் தலைவர். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.