ஒறுத்தலுக்கும் ஓர் அளவு

கிறிஸ்தவத் தன்னொடுக்கத்துக்குப் பெயர்பெற்ற இடம் எகிப்தின் பாலைவனம். 4ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய துறவிகள் உணவையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்டே போனார்கள். அவர்களிடையே பல ஆண்டுகள் தங்கிய ஜான் காசியன், ஹெரோன் என்ற முதியவரைப் பற்றி எழுதியிருக்கிறார். 50 ஆண்டுகள் கடும் நோன்பிருந்தவர். உயிர்ப்புப் பெருவிழாவன்றுகூட மற்றவர்களோடு பந்தியில் உட்காராதவர். தான் சேர்த்த புண்ணியம் தன்னைக் காக்கும் என்று நம்பி ஆழ்கிணற்றில் குதித்து உயிரைவிட்டார். உள்ளத் தூய்மைதான் குறி, நோன்பும் கண்விழிப்பும் அதற்கான கருவிகள் என்பது காசியனின் முடிவு.

காசியனை விரும்பிப் படித்தவர் இத்தாலியின் புனித பெனடிக்ட். மோந்தே கசினோ மடத்துக்காக 530 வாக்கில் அவர் எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உண்டு. நாளுக்கு ஒரு ராத்தல் ரொட்டி, சமைத்த பதார்த்தம் இரண்டு. வாரத்துக்குள் 150 திருப்பாடல்களையும் பாடி முடிக்க வேண்டும். திராட்சை இரசம் துறவிகளுக்கு ஆகாது. ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளிடம் அது எடுபடாது, அளவோடாவது குடிக்கட்டும் என்று விட்டுக்கொடுக்கிறார்.

மனித சுபாவம் தெரிந்தவர் என்பது இரவுச் செபத்துக்கான விதிகளில் தெரியும். தூக்கம் கலையாதவர்கள் சாக்குச் சொல்வார்கள் என்பதால் ஒருவரையொருவர் மெதுவாக எழுப்பிவிட வேண்டும். தாமதமாக வருபவருக்காகத் தொடக்கத் திருப்பாடலை இழுத்து நிதானமாகப் பாடச் சொல்கிறார். அதற்கும் பிந்தியவர் கடைசியில், எல்லார் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். வெளியே நிறுத்தினால் திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்வாராம்!

இப்படி அன்றாடம் அட்டவணைப்படி எழுவதும் உண்பதும் உழைப்பதும் பட்டினியைவிடக் கடினமானவை. பட்டினியில் தன் விருப்பம் மிஞ்சியிருக்கும். மணியோசைக்கு எழுவதில் அது மிஞ்சாது. பெனடிக்ட் அடக்க முயன்றது வயிற்றைவிட அந்த விருப்பத்தைத்தான்.

தவக்காலத்தில் உணவிலோ, உறக்கத்திலோ, அரட்டையிலோ கொஞ்சம் கூடுதலாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் எதைக் குறைக்கப்போகிறார் என்பதை மடத்தலைவரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். அனுமதியில்லாத ஒறுத்தல் புண்ணியத்தில் சேராது, வீண்பெருமையில்தான் சேரும். அந்நாட்களில் ஆளுக்கொரு நூல் கொடுக்கப்படும். முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டும். படிக்காமல் பொழுதுபோக்குபவர்களைப் பிடிக்க மூத்தவர்கள் ஓரிருவர் மடத்தைச் சுற்றி வருவார்கள்.