ஒரு மண்ணின் பெயர்கள்

நடுநிலக் கடலுக்கும் யோர்தான் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் சிறியது. அதற்கு வழங்கிய பெயர்களோ பல. கானான் என்னும் பெயர் கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா களிமண் மடல்களிலேயே உண்டு. இன்று எதிரெதிராக நிற்கும் இசுரேல், பாலத்தீனம் என்னும் இரு பெயர்களும் அதற்குப் பிந்தியவை. இரண்டும் முதலில் மக்கட்பெயர்களாகவே எழுத்தில் தோன்றின. இரண்டையும் பொறித்தவர் எகிப்தியர்; அதுவும் தாம் வென்ற பகைவரின் வரிசையில்.

1896இல் தொல்லியலாளர் பிளிண்டர்சு பெட்ரி தீப்சு நகரில் கண்டெடுத்த, எகிப்து மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக்கல் கி.மு. 1208ஐ ஒட்டியது. அதன் 28 வரிகளுள் இறுதி மூன்றே கானானைப் பற்றியவை. அசுக்கலோன், கேசேர், யெனோவாம் ஆகிய ஊர்ப்பெயர்களின் பின்னே அயல்நாட்டைச் சுட்டும் மூன்று குன்றுகளின் குறி நிற்கிறது. இசுரேல் என்னும் பெயருக்குப் பின்னோ குன்றுகள் இல்லை. அமர்ந்த ஆணும் பெண்ணும், அவர்க்குக் கீழே பன்மை காட்டும் மூன்று கோடுகளும் உள்ளன. எழுதியவன் கண்ணுக்கு அது நாடன்று, மக்கள் கூட்டம்.

எகிப்து மன்னன் மூன்றாம் இராம்சேசு கி.மு. 1175ஐ ஒட்டி மெதினத் அபுக் கோயிற் சுவரில் பொறித்த கடல்மக்களுள் பெலசெத்து என்போர் ஒரு பிரிவினர். இவர்களே பெலிசுத்தர் என்பது ஆய்வாளர் துணிபு. பின்னர் பெலிசுத்தர் ஊரான அசுக்கலோனில் வீட்டுத் தரைக்கடியில் புதைக்கப்பட்டிருந்த குழந்தைகளின் மரபணுவில் தென் ஐரோப்பியக் கலப்பு தெரிந்ததை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் அக்கலப்பு உள்ளூர்க் குருதியில் கரைந்துபோயிற்று.

கி.மு. 604இல் பாபிலோனியர் அசுக்கலோனை அழித்தனர். பெலிசுத்தர் தனி இனமாக நிலைக்கவில்லை. பாலத்தீனம் என்பதற்கு மூலமான அவர்கள் பெயர் மட்டும் அவர்களைக் கடந்து வாழ்ந்தது. அசிரியர் தென்கரைப் பகுதிக்கு வழங்கிய அப்பெயரைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு இன்னும் பரந்த நிலத்துக்குப் பயன்படுத்தினார். கி.பி. 132 முதல் 135 வரை யூதர் உரோமரை எதிர்த்து நடத்திய பார் கோக்பா கிளர்ச்சியை ஒட்டியே யூதேயா மாநிலம் சிரியா பாலத்தீனா ஆயிற்று. யூதர் பெயரை மறைக்கும் நோக்கம் உரோமர்க்கு இருந்திருக்கலாம். ஆனால் அப்பெயர் அன்று புனைந்ததன்று. கிரேக்க நூல்களில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழகியது. இதை மறந்து வழக்காடுவோர் இன்றும் மிகப் பலர்.

அரபு ஆட்சியில் அப்பெயர் பிலசுத்தீன் ஆயிற்று. பின்னர் அந்நிலத்தை ஆண்ட ஆங்கிலேயர் 1927இல் வெளியிட்ட காசுகளில் ஆங்கிலம், அரபு, எபிரேயம் ஆகிய மூன்றிலும் பாலத்தீனம் என்னும் பெயரே இருந்தது. எபிரேய வரியின் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குள் இரண்டு எழுத்துகள்: 'இசுரேல் நாடு' என்பதன் சுருக்கம். அரபியர் அவ்விரண்டு எழுத்துகளையும் எதிர்த்தனர். தம் நிலத்தின் பெயர் வெறும் சுருக்கமாகக் குறுகியதே என யூதர் வருந்தினர்.