மிகையுண்ணலிலிருந்து மீளும் வழி

குறுகிய நேரத்தில் அளவுக்கு மிஞ்சிய உணவை, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு உண்டுவிட்டுக் குற்றவுணர்வில் தவிப்பது, வாரம் ஒருமுறையேனும் 3 மாதங்கள் நீடித்தால், மருத்துவம் அதை மிகையுண்ணல் கோளாறு என்கிறது. 1959இல் மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டன்கார்டு விவரித்த இந்நிலையை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தனி நோயாக ஏற்றது.

காலை உணவைத் தவிர்த்து, மதியமும் அரைவயிற்றோடு எழுபவர் இரவில் பிஸ்கட் பொட்டலம் முழுவதையும் தீர்ப்பதற்குக் காரணம் மனவுறுதிக் குறைவன்று; கடுமையான கட்டுப்பாடே அந்த வேட்கையைத் தூண்டுகிறது. ஆதலால், எண்ணத்தையும் பழக்கத்தையும் ஒருங்கே சீர்செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, 3 வேளை உணவையும் இடையே சிற்றுண்டியையும் சுமார் 4 மணி நேரத்துக்கு மிகாத இடைவெளியில் உண்ணவும், உண்டதையும் அப்போதைய மனநிலையையும் உடனுக்குடன் குறித்துவைக்கவும், விலக்கிய உணவுகளை அச்சமின்றி மெல்லச் சேர்த்துக்கொள்ளவும் பழக்குகிறது.