‘செட்டல்’ என்று சொல்லும் முன்

கடந்த ஆண்டு யோங் பெங் கடைவீதியில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதில் தகராறு. தெரிந்தவர்தான், என் கன்னத்தில் அறைந்துவிட்டார். போலீஸ் புகார் செய்தேன். மாலையே அவருடைய மாமா ஆரஞ்சுப் பழப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“தம்பி, ஒரே ஊர்க்காரங்க. செட்டல் பண்ணிக்கலாமே!”

அப்பாவும் தலையாட்டினார். புகார் கொடுத்த பிறகு சமரசத்துக்குச் சட்டம் இடம் தருமா என்பதுதான் என் குழப்பம்.

தருகிறது. நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆவது பிரிவில் ஒரு பட்டியல் உண்டு. தண்டனைச் சட்டம் 323ஆவது பிரிவில் வரும் சாதாரணக் காயம், அவதூறு போன்றவை அதில் அடங்கும். அடிபட்ட வழக்கில் முடிவெடுக்க வேண்டியவர் அடிபட்டவர். போலீஸ்காரரோ, ஊர்ப் பெரியவரோ, பழம் கொண்டு வந்த மாமாவோ அல்ல. வழக்கு நீதிமன்றம் போய்விட்டால் நீதிமன்றத்தின் இசைவும் வேண்டும். கொள்ளை, பாலியல் வன்முறை போன்றவற்றை இப்படிப் பேசி முடிக்கவே முடியாது.

இன்னொன்றுதான் என்னைத் தயங்க வைத்தது. சமரசம், விடுதலைத் தீர்ப்புக்குச் சமம். பின்னர் மனம் மாறினாலும் அதே வழக்கைத் திரும்ப எழுப்ப இயலாது.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நீதிமன்றம் போகாமல் முடியும் சிறு குற்றங்களில், தவறு செய்தவர் என்ன செய்ய வேண்டும் என்று பாதிக்கப்பட்டவரிடம் போலீஸ் கருத்துக் கேட்கச் சொல்கிறது. அதைப் படித்ததும் எனக்கும் ஒரு நிபந்தனை தோன்றியது.

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். “பணம் வேண்டாம். அறைந்த இடத்துக்கே வந்து, அவரே மன்னிப்புக் கேட்கட்டும்” என்றேன்.

வந்தார். பிறகு இருவரும் சேர்ந்தே விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனோம். அம்மா அன்றுதான் அந்தப் பழங்களை உரித்தார்.