மகளாக வளர்ந்த மகன்

அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. புருஷனும் மனைவியுமாக இரண்டு பேர் மேடைக்கு வருவார்கள். பாடுவார்கள். ஒருவரை ஒருவர் வாரிவிடுவார்கள். மனைவி நெட்டை, கணவர் குட்டை. மனைவி வீசுகிற குத்தல் பேச்சையெல்லாம் கணவர் ஓர் அசட்டுச் சிரிப்போடு வாங்கிக் கொள்வார். வீட்டுக்கு வீடு நடக்கிற சமாசாரந்தானே! ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. கணவர் பெயர் சன்னி போனோ. மனைவி, பிற்பாடு சினிமாவிலும் புகழ் பெற்று ஆஸ்கார் பரிசு வாங்கிய ஷெர்.

நிகழ்ச்சி முடிகிற தறுவாயில் சில நாட்களில் மூன்றாவது ஆள் ஒன்றும் மேடைக்கு வரும். பொன்னிறத் தலையும் கொழுகொழுக் கன்னமுமாக ஒரு பெண் குழந்தை. அப்பா இடுப்பிலோ அம்மா இடுப்பிலோ உட்கார்ந்து கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிக் கொண்டு, ஊருக்கெல்லாம் கை அசைத்து விட்டுப் போகும். 'என் சமர்த்தே!' என்று நெட்டி முறித்த அமெரிக்கத் தாய்மார்கள் எத்தனை பேரோ!

குழந்தையின் பெயர் சாஸ்டிடி. ஆங்கிலத்தில் அதற்குக் 'கற்பு' என்று அர்த்தம். சன்னி கதை எழுதித் தயாரித்து, ஷெர் நடித்து, 1969ல் வெளிவந்த படத்துக்கும் இதே பெயர்தான். அதே வருஷம் மார்ச் மாதம் குழந்தை பிறந்தது. படத்தின் பெயரையே வைத்து விட்டார்கள். பெண்ணுக்கு இதைவிடப் பெண்மையான பெயர் வைக்க முடியுமா என்ன?

அந்தக் குழந்தை நாற்பது வயதில் தான் ஓர் ஆண் என்று உலகத்துக்குச் சொன்னது. அதைப் படமாகவும் எடுக்க விட்டது. அந்தப் படத்தை ஒட்டி எழுந்த பேச்சும் ஏச்சுமே இந்தக் கட்டுரையின் விஷயம்.

படத்தின் பெயர் 'பிகமிங் சாஸ்'. 'சாஸ் ஆன கதை' என்று சொல்லலாம். ஃபென்டன் பெய்லி, ராண்டி பார்பாட்டோ என்ற இருவர் எடுத்த செய்திப் படம். 2011 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன் முதலாகக் காட்டினார்கள். அந்த வருஷமே மே மாதம் 10ந் தேதி ஓப்ரா வின்ஃப்ரே சீமாட்டியின் சொந்த டெலிவிஷனில் ஒளிபரப்பானது. அதாவது, வீட்டுக் கூடத்துக்கே வந்து விட்டது.

பெண் உடலோடு பிறந்து, உள்ளத்தில் ஆணாக இருந்து, ஆணாகவே வாழ்கிறவர்களைத் திருநம்பி என்று நம் மொழியில் இப்போது அழகாகச் சொல்லுகிறார்கள். இவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுவது குறைவு. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் திருநங்கையர் கண்ணில் படுகிற அளவு இவர்கள் படுவதில்லை. சட்டை போட்டு, முடியை வெட்டிக் கொண்டு, கும்பலில் ஒருவராக நடந்து போய் விடுகிறார்கள். இவரால் மட்டும் அப்படி நடந்து போக முடியவில்லை. ஊரே தொட்டிலில் பார்த்த பிள்ளையாயிற்றே!

* * *

படத்தில் ஆஸ்பத்திரிக் காட்சி உண்டு. மார்பகங்களை நீக்கி, மார்பை ஆண்களுடையதைப் போல் அமைக்கிற அறுவை சிகிச்சையை 2009ல் செய்து கொண்டார். ஊசி போட்டுக் கொள்ளும் காட்சியும் உண்டு. டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் சுரப்பு நீரைத்தான் ஊசி வழியே ஏற்றிக் கொள்ளுகிறார்கள். இது மந்திரம் போல ஒரே ராத்திரியில் வேலை செய்கிறதில்லை. மாதவிடாய் சில மாதங்களில் நிற்கும். குரல் நாண்கள் தடிக்கத் தடிக்கக் குரல் இறங்கும். தாடி மீசை கருகருவென்று வருவதற்குச் சிலருக்கு வருஷங்கள் பிடிக்கும். பதினாலு வயசுப் பையனுக்கு நடப்பதெல்லாம் நாற்பது வயசில் நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். இதில் குரல் விஷயம் முக்கியமானது. பிற்பாடு ஊசியை நிறுத்தினாலும் போன குரல் திரும்பி வராது.

ஆனால் இந்தப் படத்தை வைத்தியப் படம் என்று நினைத்துப் பார்க்க உட்கார்ந்தவர்கள் ஏமாந்தே போயிருப்பார்கள். இது ஒரு குடும்பப் படம். காதலி ஒருத்தி கூடவே இருக்கிறாள். தான் நேசித்த உடம்பும் குரலும் குணமும் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்து அவள் படுகிற சங்கடத்தைப் படம் மறைக்கவில்லை. சண்டை போடுகிறாள், சிரிக்கிறாள், அழுகிறாள். (அந்த வருஷம் டிசம்பரில் இருவரும் பிரிந்து விட்டார்கள் என்பது பிறகு வந்த செய்தி.)

எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருந்தது தாயை. 'என் பிள்ளை எனக்கு உயிர்' என்று இரண்டு வார்த்தை சொல்லி, கண்ணைத் துடைத்துக் கொண்டு போயிருந்தால் ரசிகர்கள் கை தட்டியிருப்பார்கள். ஷெர் அப்படிச் செய்யவில்லை. தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறார். பேச்சு வேகத்தில் பிள்ளையை 'அவள்' என்கிறார். நாக்கைக் கடித்துக் கொண்டு 'அவன்' என்கிறார். அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி 'அவள்' வந்து விடுகிறது.

தமிழில் 'அவர்' என்ற ஒரு மகத்தான வார்த்தை இருக்கிறது. ஆணா பெண்ணா என்று அது கேட்கவே கேட்காது. ஆங்கிலத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், பெற்ற தாய் பிள்ளையை 'அவர்' என்றா சொல்லப் போகிறாள்? நாம் பெண் குழந்தையைக் கூட 'வாடா ராஜா' என்று கொஞ்சுகிறவர்கள். கொஞ்சும்போது வருகிற 'டா' வேறு. நாற்பது வருஷம் மகள் என்று அழைத்த வாயால் மகன் என்று அழைப்பது வேறு. ஷெருக்கு ஏற்பட்ட தடுமாற்றம் நம்மில் யாருக்கும் ஏற்படக் கூடியதுதான்.

பல வருஷங்களுக்குப் பிறகு ஷெர் ஒரு பேட்டியில் ஒரு விஷயம் சொன்னார். பிள்ளைக்கு டெலிபோன் செய்திருக்கிறார். ஆள் எடுக்காத சமயத்தில் பேசும் பதிவு ஓடியது. அதில் இருந்தது பழைய குரல். ஊசிக்கு முந்தைய குரல். அதைக் கேட்டபோது தாங்க முடியவில்லை என்றார். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. முன்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் குரல் இனி உலகத்தில் எங்கும் பேசாது. பெற்ற மனம் பித்து என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான் போலும்!

இதே ஷெர், பிள்ளை இளவயதில் தனக்குப் பெண்களிடமே நாட்டம் என்று சொன்னபோது எரிந்து விழுந்தவர். பிறகு மனம் மாறி, அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களின் சங்க மாநாட்டில் 1997ல் பேசவும் செய்தார். ஒரு மலையை ஏறி முடித்து உட்கார்ந்தவருக்கு இன்னொரு மலையைக் காட்டியது போல ஆயிற்று. 1998ல் பனிச்சறுக்கு விபத்தில் இறந்த சன்னி இந்த இரண்டாவது மலையைப் பார்க்கவில்லை. ஆனால் 2010ல் பிள்ளை சட்டப்படி பெயரை மாற்றிக் கொண்டபோது நடுப் பெயராக வைத்துக் கொண்டது 'சால்வடோர்' என்பதை. சன்னிக்குப் பெற்றோர் இட்ட பெயர் அதுதான். அப்பாவின் பெயரை மகன் தரிப்பது நமக்கும் தெரிந்த வழக்கந்தானே?

* * *

படத்துக்கு நல்ல பெயர். எம்மி பரிசுக்கான பட்டியலிலும் இடம் கிடைத்தது. வசவு வந்ததும் முதலில் எதிர்பாராத பக்கத்திலிருந்துதான் வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து!

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைப் பேட்டியில் சாஸ் வாயைக் கொடுத்து மாட்டிக் கொண்டார். ஊசி போட ஆரம்பித்த பிறகு பெண்களின் வம்பளப்பைக் காது கொடுத்துக் கேட்கப் பொறுமை இருப்பதில்லை என்கிற தோரணையில் ஏதோ சொல்லி விட்டார். பெண்ணுரிமைக்காரர்களுக்குக் கோபம் வராதா? 'மீசை வருவதற்கு முன்னே ஆண்களின் திமிர் வந்து விட்டதே!' என்று நானும்தான் நினைத்தேன். சமையலறையில் பேசினால் வம்பு, காப்பி ஹோட்டலில் பேசினால் அரசியல் என்கிற நியாயம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது. திருநம்பி என்பதற்காக இந்த விஷயத்தில் அவரை மன்னிக்க வேண்டிய அவசியம் இல்லை.

பெரிய புயல் ஆகஸ்டு கடைசியில் கிளம்பியது. 'டான்ஸிங் வித் த ஸ்டார்ஸ்' என்று ஒரு நடனப் போட்டி. ஏ.பி.ஸி. டெலிவிஷனில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சி. பிரபலஸ்தர் ஒருவரும் நடனக்காரர் ஒருவரும் ஜோடியாக ஆட வேண்டும். அந்த வருஷப் பட்டியலில் சாஸ் பெயர் வந்தது. கூட ஆடுகிறவர் லேஸி ஷ்விம்மர் என்ற இளம் பெண். செய்திப் படத்தை வேண்டுமானால் பார்க்கலாம், வேண்டாவிட்டால் விடலாம். இது அப்படியா? பாட்டி முதல் பேரன் வரை பார்க்கிற நிகழ்ச்சி ஆயிற்றே!

'பத்து லட்சம் தாய்மார்கள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு கட்சி அங்கே உண்டு. குழந்தைகளை இதைப் பார்க்க விடாதீர்கள் என்று அது பிரசாரம் செய்தது. டெலிவிஷனில் அபிப்பிராயம் சொல்லும் மனநல டாக்டர் ஒருவரும் அதையே எழுதினார். பார்க்கிற பிஞ்சு மனங்களுக்குத் தாங்கள் ஆணா பெண்ணா என்று குழப்பம் வந்து விடும் என்பது அவர் வாதம்.

குழந்தை விஷயம் என்றால் நமக்கும் ஒரு கணம் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. அதனால் இதைச் சட்டென்று ஒதுக்கி விடாமல் யோசித்துப் பார்த்தேன். சாஸ் குழந்தையாக இருந்த 1970களில் எந்தத் திருநம்பி டெலிவிஷனில் ஆடினார்? ஒருவரும் இல்லை. அவர் பார்த்ததெல்லாம் பொன்னிற ஜரிகையில் ஜொலித்த அம்மாவைத்தான். அந்த அம்மாவை விடப் பெண்மைக்கு இன்னொரு பாடம் வேண்டுமா? ஆனாலும் பருவம் வந்தபோது தன் உடம்பே தனக்குத் துரோகம் செய்து விட்டதாகத் தோன்றியது என்று சாஸ் சொல்லுகிறார். பார்த்துக் கெடுவது என்பது உண்மையானால் அவர் பார்த்து 'நன்றாக' அல்லவா ஆகியிருக்க வேண்டும்? டாக்டர் இதற்குப் பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னது ஷெர். டிவிட்டரில், தம் வழக்கப்படி பெரிய பெரிய எழுத்துக்களில், பிள்ளை எது செய்தாலும் தம் ஆதரவு உண்டு என்றும், தம் பிள்ளையைச் சீண்டுகிற மூடர்களிடம் தாய்க்கு வருகிற கோபம் எத்தனை வயசானாலும் அடங்காது என்றும் எழுதினார். நாலு மாதத்துக்கு முன் படத்தில் 'அவளா, அவனா' என்று தடுமாறின அதே அம்மாள்! தனக்குள் இன்னும் ஆயிரம் குழப்பம் இருக்கலாம். வெளியிலிருந்து ஒருவன் கல்லை எடுத்தால் முதலில் குறுக்கே நிற்பது யார்?

செப்டம்பர் 19ந் தேதி ஆட்டம் தொடங்கியது. சாஸ் நல்ல பருமன். முழங்கால் வேறு வலி. பிரமாதமாக ஆடினார் என்று சொன்னால் பொய். ஆனால் உற்சாகமாக ஆடினார். ஒரு வாரம் அப்பா சன்னி 1965ல் எழுதிப் பாடிய 'லாஃப் அட் மீ' பாட்டுக்கு ஆடினார். 'என்னைப் பார்த்துச் சிரி' என்று அர்த்தம். அந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. சன்னியின் நீள முடியையும் உடையையும் பார்த்து ஒரு ஹோட்டலில் அவரை அவமானப்படுத்தி விட்டார்கள். அந்தக் கோபத்தில் எழுதிய பாட்டு அது. உடுக்கிற உடைக்காக அப்பா பட்ட அவமானத்தில் பிறந்த பாட்டு, பிள்ளைக்கு உதவிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரங்கத்தில் அவர் மனத்தைப் புண்படுத்தியது ஆணா பெண்ணா என்ற பேச்சு அல்ல. அதற்கு நெஞ்சைக் கெட்டிப்படுத்திக் கொண்டே வந்திருந்தார். நடுவர் ஒருவர் அவருடைய உடம்பைப் பார்த்துப் பெங்குவின் பட்சியோடு ஒப்பிட்டு விட்டார். குண்டு என்று கேலி செய்ததுதான் தாங்கவில்லை! உடம்பைப் பற்றி ஒரு சொல் கேட்டு, வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்ற அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆணாக மாறினாலும் அதிலிருந்து தப்பிக்க வழி இல்லை போலும்.

ஆறு வாரம் தாக்குப் பிடித்தார். அக்டோபர் 25ந் தேதி போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். விடைபெறும்போது இரண்டு வார்த்தை பேசினார். வேறு விதமான ஓர் ஆணையும் அமெரிக்கா பார்க்கட்டும் என்றுதான் வந்தேன் என்றார். தான் வளர்கிற காலத்தில் தன்னைப் போல் ஒருவரை டெலிவிஷனில் பார்த்திருந்தால், தன் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார்.

அந்தப் போட்டி நடந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், 'டெலிவிஷன் ஸிட்டி' என்ற பெரிய கட்டடத்தில். நாற்பது வருஷத்துக்கு முன்பு சன்னியும் ஷெரும் பொன்னிறத் தலைக் குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு ஊருக்கெல்லாம் கை அசைக்கச் சொன்னதும் அதே கட்டடத்தில்தான்.