நடவு நாளிலும் நிறுத்தக் கூடாத மாத்திரை

நடவு நாள், களையெடுக்கும் நாள், உறவுக்காரர் விசேஷத்துக்குப் பஸ் ஏறும் நாள்... இந்த நாள்களில் இதய நோயாளிகள் பலர், குறிப்பாகப் பெண்கள், காலை மாத்திரைகளில் ஒன்றை மட்டும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், ‘‘அதைப் போட்டா ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்கும். வயல்ல ஒதுங்க எடம் எங்க இருக்கு?’’ என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்காமல் காப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதயச் செயலிழப்பு என்றால், இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் தள்ளும் வேகம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் வடிகால் அடைத்த வயல்போல கால், வயிறு, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஃபுரோசமைடு, டார்செமைடு போன்ற நீர் மாத்திரைகள் அதைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மற்ற மாத்திரைகள் இதயத்தின் சுமையைக் குறைக்கின்றன. ‘உடம்பு நல்லாகிவிட்டது’ என்று இவற்றை நிறுத்துவது, தண்ணீர் வடிந்துவிட்டதென வடிகாலை மூடுவதற்குச் சமம். மெட்டோப்ரோலால், கார்வெடிலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது மிகவும் ஆபத்து.

நான் வேளாண்மை படித்தவன். மாத்திரையை மாற்றுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் மருத்துவர் வேலை. தவறாமல் போட வைப்பது வீட்டார் வேலை. அதற்கு முதல்படி, திட்டாமல் ‘ஏன் போடவில்லை?’ என்று கேட்பது. காரணம் தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

சிறுநீர்த் தொல்லையா? ஃபுரோசமைடு, போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, 6 முதல் 8 மணி நேரம் வரை வேலை செய்யும். ‘வயலுக்குப் போகும் நாளில் இதை எந்த நேரத்தில் போடலாம்?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீடு திரும்பிய பிறகு மதியத்தில் போடச் சொல்லலாம். நிறுத்துவதைவிட நேரத்தை மாற்றுவது நல்லது.

வறட்டு இருமலா? எனலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு இருமலைக் கொடுக்கும். மருத்துவரிடம் சொன்னால் மாற்று மாத்திரை தருவார்.

மாத்திரை தீர்ந்துவிட்டதா? 5 நாளுக்கு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரும் ஊழியரிடம், இதய மாத்திரைகள் எந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கும் என்று விசாரியுங்கள். மக்கள் மருந்தகங்களில் விலை குறைவு.

மறதியா? பால் கறப்பது, காபி குடிப்பதுபோல தினமும் தவறாத வேலையோடு மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள். காலைக்கு ஒரு டப்பா, இரவுக்கு ஒரு டப்பா என நிறம் மாற்றி வையுங்கள். போட்டதும் காலண்டரில் கோடு போடட்டும். ஒருவேளை மறந்தால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாகப் போடவே கூடாது.

மாத்திரையைச் சரியாகப் போட்டாலும் அதன் வேலையைக் கெடுப்பவை சில உண்டு. உடம்பு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் ஆகியவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றில் உப்பு அதிகம். ஸ்பைரனோலாக்டோன் போடுபவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அடிக்கடி இளநீர் குடிக்கவோ, சோடியம் குறைத்த உப்பைச் சேர்க்கவோ வேண்டாம். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால், அன்றைய மாத்திரைகளைப் பற்றி உடனே மருத்துவரிடம் கேளுங்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்து, அதே காலண்டரில் எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோ கூடினால் அது சதையல்ல; தேங்கிய நீர். கால் வீக்கம் கூடினாலும், தலையணையை உயர்த்தினால்தான் தூங்க முடிகிறது என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். கிளம்பும்போது மாத்திரை டப்பாக்களையும் காலண்டரையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.